18 வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று: விண்ணப்பத்திலிருந்து வங்கிக் கவுண்டர் வரை

பிள்ளைக்கு 18 வயது முடிந்த நாளோடு, அம்மா அப்பா என்ற முறையில் நீங்கள் போட்டுவந்த கையெழுத்து செல்லாமல் போகிறது. அறிவுசார் குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சட்டத்துக்கு அவர் மேஜர். வங்கியில் மைனர் கணக்கை நிறுத்திவைப்பார்கள். காப்பீட்டு முதிர்வுத் தொகைக்கு அவருடைய கையெழுத்தைக் கேட்பார்கள். தாத்தா எழுதிவைத்த வீட்டில் அவர் பங்குக்கு வாடகை ஒப்பந்தம் போட ஆள் இருக்காது. பல குடும்பங்களுக்கு இது தெரியவருவதே அப்பா இறந்து குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான். துக்க வீட்டில் உட்கார்ந்து காகிதம் தேடாமல், பிள்ளைக்கு 17½ வயதாகும்போதே தொடங்கிவிடுங்கள். கீழே உள்ளது, பிள்ளை சார்பில் கையெழுத்திட உரிமை தரும் பாதுகாவலர் சான்றைத் தமிழ்நாட்டில் வாங்கும் வழி.

1. உங்களுக்கு எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

அதிக நாள் வீணாவது இங்கேதான். "மனநலம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுப் பேசுவதால், ஒரு சட்டத்துக்குரிய ஆள் இன்னொரு சட்டத்தின் அலுவலகத்தில் போய் நிற்கிறார்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு (பழைய சான்றுகளில் "மனவளர்ச்சி குன்றியவர்" என்றிருக்கும்), பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் உங்களுக்குரியது 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டுச் சான்றின் வழியே இதில் வருவார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். இந்தக் கட்டுரையின் மற்ற படிகள் எல்லாம் இந்த வழியைப் பற்றியவை.

ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற மனநோய் மட்டும் என்றால் இந்தக் குழு உங்கள் விண்ணப்பத்தை எடுக்காது. சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் "நியமனப் பிரதிநிதி" என்ற ஏற்பாடு இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி நோயாளி கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். மனம் மாறினால் அவரே அதை ரத்து செய்துகொள்ளலாம். நன்றாக இருக்கும் நாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பிரதிநிதியால் வங்கிப் பணத்தைத் தொட முடியாது. பணம், சொத்து போன்ற சட்ட முடிவுகளுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 14ன் கீழ் "வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்" கேட்க வேண்டும். மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு குறித்துள்ள அதிகாரியோ அதைத் தருவார்கள்.

விபத்து, பக்கவாதம், டிமென்ஷியா, கோமா ஆகியவற்றுக்கென்று நேரடியான சட்டம் நாட்டில் இல்லை. உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்புப் பிரிவு 226ன் கீழ் ரிட் மனு போடுவதே வழி. கேரள உயர்நீதிமன்றம் 2019ல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது: மருத்துவர் குழுவின் அறிக்கை, வட்டாட்சியருக்குக் குறையாத அதிகாரி நேரில் பார்த்துத் தரும் அறிக்கை, நியமனத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024ல், கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக்கிச் சொத்தைக் கையாள அனுமதித்தது. கூடவே 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு வைக்கவும் சொன்னது. இந்த வழியில் செலவு பெரும்பாலும் வக்கீல் ஃபீஸ்தான். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

பவர் பத்திரம் பற்றி ஒரு எச்சரிக்கை. "ஒரு பவர் எழுதி வாங்கிடுங்க, வேலை முடிஞ்சிடும்" என்று பத்திர எழுத்தர் சொல்லுவார். கொடுப்பவருக்குப் புரிந்து கொடுக்கும் திறன் இல்லை என்றால் அந்தப் பத்திரம் செல்லாது. திறன் இருந்தபோது கொடுத்திருந்தாலும், பிறகு அவர் மனத்திறனை இழந்தால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201ன்படி அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. டிமென்ஷியா முற்றிய அப்பாவின் பவரை வைத்து வீட்டை விற்றால், பின்னாளில் எந்த வாரிசு வேண்டுமானாலும் வழக்குப் போடலாம்.

2. எந்த வேலைக்காகப் பாதுகாவலர் என்று எழுதிப் பாருங்கள்

நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் பிரிவு 14 குழுவை இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவை என்றால் எதற்காக? இரண்டாவது கேள்விக்கு நீங்கள் வைத்திருக்கும் பதிலில்தான் உங்கள் சான்றின் பலம் இருக்கிறது. ஆகவே படிவத்தைக் கையில் எடுக்கும் முன், அடுத்த ஐந்து வருடத்தில் எந்தெந்த மேசையில் உங்களைக் "கையெழுத்துப் போட நீங்கள் யார்?" என்று கேட்பார்கள் என ஒரு தாளில் எழுதுங்கள்.

பிள்ளையே செய்யக்கூடியதை அந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். லேசான குறைபாடு உள்ள சிலர் தங்கள் கணக்கில் ஆயிரம், இரண்டாயிரம் எடுத்துச் செலவு செய்யப் பழகியிருப்பார்கள். அது அவர்களிடமே இருக்கட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13ன்படி, பணத்தை நிர்வகிப்பதிலும் சொத்து வைத்திருப்பதிலும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு. வங்கியில் கைரேகை, சாட்சியோடு கணக்கை இயக்க முடிகிறது என்றால் அதுவரை சான்றே தேவைப்படாமலும் போகலாம்.

3. யார் விண்ணப்பிக்கலாம், யாரை நியமிக்கலாம்

அம்மாவும் அப்பாவும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்பதானால் மற்றவரின் மரணம், விவாகரத்து, பிரிவு, கைவிட்டுப் போனது போன்ற காரணத்தைக் காட்ட வேண்டும். பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள் சேர்ந்தோ, தனியாகவோ விண்ணப்பிக்கலாம். தனியாக என்றால் ஏன் தனியாக என்று எழுத வேண்டும். அவர்களும் இல்லை என்றால் உறவினர், அதன்பின் நேஷனல் டிரஸ்டில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம். விண்ணப்பிப்பவரே பாதுகாவலராக இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பா விண்ணப்பித்து அக்காவை நியமிக்கக் கேட்கலாம்.

பாதுகாவலராக வருபவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். குற்றத் தண்டனை, திவால் அறிவிப்பு, மனநோய்க்கான நடப்புச் சிகிச்சை இவை இருக்கக் கூடாது. பிழைப்புக்கே இன்னொருவரை நம்பி இருப்பவராகவும் இருக்கக் கூடாது. நியமிக்கும் நேரத்தில் பிள்ளை இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பெயரைப் போட்டுத் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்கள் இதில்தான் சிக்குகின்றன.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு விதி சேரும். தனி ஆண் ஒருவரை நியமிக்க மாட்டார்கள். அண்ணன் வர வேண்டும் என்றால் அண்ணியும் இணைப் பாதுகாவலராகக் கையெழுத்திட வேண்டும், அண்ணியே முதன்மைப் பாதுகாவலராகவும் இருப்பார். அண்ணியிடம் முதலில் பேசிவிடுங்கள். படிவத்தை நீட்டும் அன்று சொல்லித் தெரிவதாக இருக்கக் கூடாது.

"உயிலில் எழுதிவிட்டேன், எனக்குப் பின் தம்பி பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிடாதீர்கள். உயில் மூலம் பாதுகாவலரை நியமிப்பது மைனர் பிள்ளைகளுக்கான ஏற்பாடு. மேஜருக்கு அது உங்கள் விருப்பத்தைக் காட்டும் காகிதம் மட்டுமே. தம்பி குழுவிடம் போய் நியமனம் வாங்கியாக வேண்டும்.

4. ஆவணங்கள்

- மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவக் குழுவின் சான்று, யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை). சான்றில் "தற்காலிகம்" என்றிருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். சிறுவயதில் வாங்கிய சான்று 18ஐத் தாண்டும் நேரத்தில் முடிந்திருப்பது சகஜம். அதைப் புதுப்பித்த பின்னரே மற்றதைத் தொடங்குங்கள்.
- பிள்ளையின் பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை.
- பாதுகாவலராக வருபவரின் ஆதார், முகவரிச் சான்று, வருமானச் சான்று.
- பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. விவாகரத்து என்றால் தீர்ப்பு நகல்.
- உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆட்சேபணையில்லா உறுதிமொழி, நோட்டரி கையெழுத்தோடு.
- பிள்ளை பெயரில் உள்ள பாஸ்புக், வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டுப் பத்திரம், பட்டா, பத்திர நகல்.
- சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்று, தனித்தனிப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்.

பெயர் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், யுடிஐடியில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக, பள்ளிச் சான்றில் ஒரு எழுத்து கூட. ஆட்சியர் அலுவலகத்தில் இதை விட்டுவிடுவார்கள். சான்று கையில் வந்தபின் வங்கியின் கணினி ஏற்காது, அப்போது மறுபடி குழுவிடம் திருத்தம் கேட்டு நிற்க வேண்டும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், அடுத்து யுடிஐடி, அதன்பின் பாஸ்புக். சான்றில் வர வேண்டிய எழுத்துக்கூட்டலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் பின் அடித்துக் கொடுங்கள். தட்டச்சு செய்பவர் நன்றி சொல்வார்.

எல்லாவற்றையும் மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குழுவுக்கு, ஒன்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் கோப்புக்கு. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

5. படிவம் ஏ

நேஷனல் டிரஸ்ட் விதிகளில் நான்கு படிவங்கள்: ஏ விண்ணப்பம், பி நியமன உறுதி (உங்கள் கைக்கு வரும் சான்று இதுதான்), சி சொத்துப் பட்டியல், டி ஆண்டுக் கணக்கு. உங்களுக்கு இப்போது வேண்டியது ஏ. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும், டிரஸ்டின் இணையதளத்திலும் இருக்கிறது. விண்ணப்பதாரர், பாதுகாவலராக ஒப்புக்கொள்பவர், சாட்சிகள் என்று எல்லாக் கையெழுத்தும் ஒரே நாளில் வாங்கினால் தேதி முரண்பாடு வராது.

படிவத்தில் எல்லாரும் அவசரமாக எழுதிவிட்டுப் போவது பாதுகாவலரின் பொறுப்புகள் என்ற இடம். "அனைத்துக் காரியங்களுக்கும்" என்று எழுதினால் வசதி என்று தோன்றும். வங்கி மேலாளர் அதைப் படித்துவிட்டு, "பணம் எடுக்கலாம்னு எங்க சொல்லியிருக்கு?" என்று கேட்பார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"என் மகன் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கையும் வைப்புத்தொகைகளையும் இயக்க, புதுப்பிக்க, முதிர்வுத் தொகை பெற, அவருக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை, குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் பெற்று அவர் செலவுக்குப் பயன்படுத்த, மருத்துவச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஒப்புதல் தர, அரசு அலுவலகங்களில் அவர் சார்பில் விண்ணப்பித்துக் கையெழுத்திட, அவருக்குப் பங்குள்ள வீட்டைப் பராமரிக்க, வரி கட்ட, வாடகை வசூலிக்க."

கணக்கு எண், கிளை, சர்வே எண் எல்லாவற்றையும் இணைப்பாக ஒரு தாளில் கொடுங்கள். நியமன உறுதியிலும் இதே வாசகங்கள் வர வேண்டும் என்று விசாரணை நாளில் வாய்விட்டுக் கேளுங்கள்.

6. கொடுப்பது, காலம், செலவு

கோப்பை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள். குழுவில் ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் இருப்பார்கள். சில மாவட்டங்களில் அந்தத் தொண்டு நிறுவனமே கோப்புகளைத் தயார் செய்கிறது. அவர்களிடம் முதலிலேயே பேசினால் குறைகளைச் சொல்லித் திருத்த வைப்பார்கள்.

ஒப்புகைச் சீட்டில் தேதியும் வரிசை எண்ணும் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். ஆகவே நேரம் நன்றாக இருந்தால் மூன்று மாதம். தேர்தலோ, வெள்ளமோ, ஆட்சியர் மாற்றமோ வந்தால் ஆறு மாதத்தைத் தாண்டும். அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். கூட்டமே நடக்காமல் இழுத்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியரிடம் மனு கொடுங்கள். குழுவின் தலைவரும் அவர்தான்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, யுடிஐடிக்கும் கிடையாது. முத்திரைத்தாள், நோட்டரி, ஜெராக்ஸ், போக்குவரத்து இவைதான் செலவு. "சான்று வாங்கித் தர" ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமிருந்து விலகிப்போங்கள்.

7. விசாரணை நாள்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். காத்திருப்பு நீளும், கூட்டமும் சத்தமும் இருக்கும். ஆட்டிசம் உள்ளவர் என்றால் முதல் ஆளாகக் கூப்பிடும்படி காலையிலேயே அலுவலரிடம் சொல்லிவையுங்கள். பழகிய பொருள், தண்ணீர், தின்பண்டம், மாற்றுடை பையில் இருக்கட்டும். நடக்கவே முடியாதவர் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

குழு பிள்ளையிடம் பேசும். பெயர் என்ன, யாரோடு இருக்கிறாய், யார் சாப்பாடு தருவார்கள் என்கிற மாதிரி. அவருக்குப் பதிலாக நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். அவர் தலையை ஆட்டுவதோ யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதோ அவர்களுக்குச் செய்திதான். உங்களிடம் கேட்கப்போவது பணத்தைப் பற்றி: எவ்வளவு இருக்கிறது, எதற்குச் செலவாகிறது, உங்களுக்குப் பின் யார்? மூன்றாவதுக்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

8. வங்கியில்

ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே எல்லா வங்கிகளுக்கும் சொல்லிவிட்டது: நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் உள்ளூர் மட்டக் குழு தரும் பாதுகாவலர் சான்றை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம், இயக்கலாம். இருந்தாலும் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்பதுதான் கவுண்டரில் முதலில் காதில் விழும். சண்டை வேண்டாம். அந்தச் சுற்றறிக்கையின் அச்சை இணைத்து, எழுத்தில் கோரிக்கை கொடுத்து முத்திரை வாங்குங்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பாதி இடங்களில் இங்கேயே வேலை நடந்துவிடும். 30 நாளில் பதில் இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் இணையவழியில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

கணக்கு பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், "பாதுகாவலர் இன்னார் மூலம்" என்று. உங்கள் பெயரில் கூட்டுக் கணக்காக மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் பணமும் உங்கள் பணமும் கலந்துவிட்டால் அடுத்த படியில் கணக்குக் காட்ட முடியாது.

அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள், தாம் உயிரோடு இருக்கும்போதே மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரை ஓய்வூதியக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பின்னால் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போகிறவருக்கு இது பாதி வேலையைக் குறைக்கும்.

9. கணக்குக் காட்டுவது

சான்றை லேமினேட் செய்து பீரோவில் வைத்ததோடு முடிவதில்லை. நியமனத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலைப் படிவம் சியில் குழுவுக்குத் தர வேண்டும். அதன்பின் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தும் மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் 30க்குள், படிவம் டியில் வரவு செலவு. பெரும்பாலான பெற்றோர் இதைச் செய்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் சொத்துத் தகராறு வரும் நாளில்தான் கேள்வி வரும், அப்போது பத்து வருட ரசீதை எங்கே தேடுவது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, வந்தது, போனது, எதற்கு. மருந்துக் கடை பில்லையும் தெரபி ரசீதையும் மாதவாரியாக ஒரு உறையில் போடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு நியாயமான தொகையைக் குறித்து, அதையே மாறாமல் எழுதிவாருங்கள்.

10. நிலம், வீடு விற்பதென்றால்

பாதுகாவலர் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். பராமரிப்பதற்கும் விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. விற்பனைக்கு நீதிமன்ற அனுமதி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், வாங்குபவரின் வக்கீலும் அதைத்தான் கேட்பார். முன்பணம் வாங்குவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைந்தால் ஒப்பந்தக் கெடு முடிந்து அதில் ஒரு வழக்கு வரும்.

பிள்ளையின் பங்கைப் பாதுகாவலரே, அல்லது அவர் மனைவி மக்களே, வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடவே தொடாதீர்கள். இருவர் நலனும் மோதும் பரிவர்த்தனையில் உதவி செய்பவர் ஒதுங்கிவிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 13 சொல்கிறது. விலை நியாயமாகவே இருந்தாலும் அந்தப் பத்திரம் நிற்பது கஷ்டம்.

11. பாதுகாவலரை மாற்ற

பாதுகாவலர் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, துன்புறுத்தினாலோ, பணத்தைக் கையாடினாலோ, பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற நிறுவனம் யார் வேண்டுமானாலும் நேஷனல் டிரஸ்ட் சட்டம் பிரிவு 17ன் கீழ் அதே குழுவுக்கு எழுதலாம். விசாரித்து நீக்கினால், அவர் சொத்தையும் கணக்கையும் புதிய பாதுகாவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். புகாரோடு வங்கி அறிக்கையின் நகல் இருந்தால் வேகமாக நகரும்.

பாதுகாவலர் இறந்துபோனால் சான்று வாரிசுகளுக்குப் போகாது. புதிதாகப் படிவம் ஏ, புதிதாகக் கூட்டம். அந்த இடைவெளியில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கிலிருந்து எடுக்க ஆள் இருக்காது. பெற்றோர் 60ஐத் தாண்டியவர்கள் என்றால் முதல் விண்ணப்பத்திலேயே இளையவர் ஒருவரை இணைப் பாதுகாவலராகக் கேளுங்கள். அவரை அந்த வங்கிக் கிளைக்கு இரண்டு முறையாவது கூட்டிப் போய் மாதிரிக் கையெழுத்தையும் பதிந்துவிடுங்கள்.